விற்ற மண் திரும்பாது!

ஊர் உறங்கும் வேளையில் விழித்திருப்பவர் இரு வகையினர். ஒருவர் காவற்காரர், மற்றவர் கன்னக்கோல்காரர்!

2025-ஆம் ஆண்டு மே திங்கள் 6-ஆம் நாள், அமெரிக்கத் தலைநகராம் வாஷிங்டனில், மக்கள் பிரதிநிதிகள் சபையின் இயற்கை வளக் குழு கூடியிருந்தது. பகலெல்லாம் பேச்சு, மாலையெல்லாம் வாதம், இரவும் ஏறிற்று. நள்ளிரவு நெருங்கும் வேளையில் மேசைமீது ஒரு திருத்தம் வந்து விழுந்தது. நெவாடா மாநிலத்து மார்க் அமோடி, யூட்டா மாநிலத்து செலஸ்ட் மலோய் என்னும் குடியரசுக் கட்சி உறுப்பினர் இருவரின் திருத்தம் அது. அவ்விரு மாநிலங்களிலும் உள்ள பொது நிலத்தில் ஏறத்தாழ 5 லட்சம் ஏக்கரை விற்றிட வழி செய்வது! குழு அதை ஏற்றுக்கொண்டது. பொழுது விடிந்தபோது, மக்களின் நிலம் விலைப் பட்டியலில் ஏறியிருந்தது!

பகலிலே வரக் கூசும் காரியந்தானே இரவிலே வரும்? நியாயம் என்று நெஞ்சார நம்புகிறவன், நடுப்பகலில், நாலு பேர் அறிய, நாட்டு மக்கள் முன்னாலே நின்று சொல்வானே! இவர்கள் ஏன் இருட்டைத் தேடினார்கள்? இது நாம் மட்டும் கேட்கிற கேள்வியன்று. அந்நாட்டு வேட்டைக்காரன் கேட்டான், தூண்டிற்காரன் கேட்டான், மலையேறும் மாணவன் கேட்டான், மந்தை மேய்ப்போன் கேட்டான். அப்படிக் கேட்டவர்களின் குரலை மன்றத்துக்குள் கொண்டுசென்ற ஓர் உறுப்பினரைப் பற்றியே இன்று நாம் எழுதுகிறோம்.

அவர் பெயர் ரையன் சிங்கி. மான்டானா மாநிலத்தின் முதலாவது தொகுதியிலிருந்து மக்கள் பிரதிநிதிகள் சபைக்குச் சென்றவர். கடற்படையின் சிறப்புப் படைப்பிரிவில் பணியாற்றியவர். எந்தக் கட்சியினர்? எதிர்க்கட்சியினர் அல்லர்! திருத்தம் கொண்டுவந்தோர் எந்தக் கட்சியோ, அதே குடியரசுக் கட்சி! கதையின் சுவை அதிலே இருக்கிறது; பாடமும் அதிலேதான் இருக்கிறது.

யாருடைய நிலம்?

அமெரிக்க நாட்டில் மத்திய அரசின் பெயரில் உள்ள நிலம் ஏறத்தாழ 64 கோடி ஏக்கர். நாட்டின் மொத்தப் பரப்பில் நூற்றுக்கு 28 பங்கு. நம் தமிழ்நாட்டைப் போல இருபது தமிழ்நாடுகளை அடுக்கிவைத்தால் எவ்வளவோ, அவ்வளவு! அதிலே நில மேலாண்மைப் பணியகத்தின் பொறுப்பில் ஏறத்தாழ 24½ கோடி ஏக்கர். வனப் பணித்துறையின் பொறுப்பில் ஏறத்தாழ 19 கோடி ஏக்கர். எஞ்சியவற்றில் தேசியப் பூங்காக்கள், வனவிலங்குப் புகலிடங்கள், படைத்துறை நிலங்கள் என்று பல வகை. மேற்குப் பகுதியிலேதான் இந்த நிலம் மிகுதி. நெவாடாவில் நூற்றுக்கு 80 பங்கு. யூட்டாவில் நூற்றுக்கு 60-க்கும் மேல். மான்டானாவில் நூற்றுக்கு ஏறத்தாழ 29.

நம் ஊர்க் கணக்குப் புத்தகத்திலே 'புறம்போக்கு' என்று எழுதுவார்களே, அந்தச் சொல்லை நினைவில் கொள்ளுங்கள். மேய்ச்சலுக்கு, நீர்வழிக்கு, நடைபாதைக்கு என்று பட்டாவுக்குப் புறத்தே நிறுத்தப்பட்ட பூமி. யாருக்கும் சொந்தமில்லை என்று எண்ணுபவன் வளைத்துப்போட வருவான். எல்லோருக்கும் சொந்தம் என்று உணர்பவன் காத்து நிற்பான். சொல் ஒன்றுதான், பார்வை இரண்டு. அமெரிக்காவில் நடந்த போரும் இந்த இரு பார்வைகளுக்கு இடையே நடந்த போர்தான்.

அந்த 64 கோடி ஏக்கரில் நுழைய ஜமீன்தாரன் அனுமதி வேண்டாம். கோடீசுவரனின் காவல்நாயும் குரைக்காது. வாரக் கூலி வாங்கும் தொழிலாளி, ஞாயிற்றுக்கிழமை தன் மகனை அழைத்துக்கொண்டு போய் மலையருவியிலே மீன் பிடிக்கலாம். பருவம் வந்தால், உரிமச் சீட்டோடு எல்க் மானை வேட்டையாடி, குளிர்காலத்துக்கு இறைச்சி சேர்த்துக்கொள்ளலாம். ஏழைக்கு மாளிகை இல்லை, தோட்டம் இல்லை, கடற்கரை பங்களா இல்லை. ஆனால் இந்த மலைக்கு அவன் பங்காளி!

முன்னே இழந்த கதை

இந்த மண் எப்படி அரசின் கைக்கு வந்தது? அதை மறைத்துவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. அங்கே ஆயிரம் ஆயிரம் ஆண்டுகளாக வாழ்ந்த பழங்குடி மக்களிடமிருந்து, சில இடங்களில் ஒப்பந்தத்தின் பெயரால், பல இடங்களில் துப்பாக்கியின் பெயரால் பறிக்கப்பட்ட மண் அது. மேற்கு மான்டானாவை எடுத்துக்கொள்வோம். 1855-ஆம் ஆண்டு ஹெல்கேட் ஒப்பந்தத்தின் மூலம் சேலிஷ், கூட்டனை, பெண்டோரெய் மக்கள் தம் பெருநிலப் பரப்பை விட்டுக்கொடுத்து, பிளாட்ஹெட் என்னும் ஒதுக்கீட்டுப் பகுதிக்குள் ஒடுங்கினர். அந்த ஒதுக்கீட்டுக்குள்ளிருந்தே 1908-இல் காட்டெருமைப் புகலிடம் என்று ஒரு பெரும் பரப்பை அரசு எடுத்துக்கொண்டது. நூறாண்டு கடந்து, 2020 டிசம்பரில் இயற்றப்பட்ட சட்டத்தின் மூலம்தான் அது அம்மக்களிடம் திரும்பியது.

ஏன் திரும்ப முடிந்தது? அரசின் கையில் இருந்ததால்! தனியார் கைக்குப் போயிருந்தால் திரும்பியிருக்குமா? பழி தீர்க்கவும், பங்கு கொடுக்கவும், பிழை திருத்தவும் கூட நிலம் பொதுவில் இருந்தால்தானே வழி உண்டு! இதை எண்ணிப் பார்த்திட வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே அமெரிக்க அரசு நிலத்தை வாரி வாரி வழங்கிற்று. 1862-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின்படி, உழுது பண்படுத்த முன்வருபவருக்கு 160 ஏக்கர். அந்தச் சட்டத்தின் வழியே மட்டும் ஏறத்தாழ 27 கோடி ஏக்கர் தனியாருக்குப் போயிற்று. இரயில் பாதை போட்ட கம்பெனிகளுக்கும் கொள்ளை கொள்ளையாகக் கொடுத்தார்கள். மான்டானா வழியே ஓடிய வடக்குப் பசிபிக் இரயில்வேக்கு, 1864-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயனாகக் கிடைத்தது ஏறத்தாழ 4 கோடி ஏக்கர். அதையும் எப்படிக் கொடுத்தார்கள் தெரியுமா? சதுரங்கப் பலகையிலே கறுப்புக் கட்டம், வெள்ளைக் கட்டம் இருக்குமே, அப்படி! ஒரு சதுரம் கம்பெனிக்கு, அடுத்த சதுரம் அரசுக்கு. அதன் விளைவு என்ன? இன்றும் மேற்கிலே பல இடங்களில் பொது நிலம் இருக்கிறது, ஆனால் அதற்குப் போகப் பாதை இல்லை! சுற்றிலும் தனியார் வேலி. சொத்து உன்னுடையது, கதவு அவனுடையது! அன்று ஒரு கையெழுத்திலே போன நிலத்துக்காக, நூற்று அறுபது ஆண்டுகள் கழித்தும் வழக்கு மன்றத்தின் படிக்கட்டிலே மக்கள் நிற்கிறார்கள்.

பட்டபின் பிறந்தது அறிவு. 1976-ஆம் ஆண்டு, கூட்டாட்சி நிலக் கொள்கை மேலாண்மைச் சட்டம் பிறந்தது. இனிமேல் பொது நிலம் பொதுவிலேயே இருக்கும்; நாட்டு நலனுக்கு உகந்தது என்று ஆராய்ந்து கண்டாலன்றி விற்பனை இல்லை என்று அது கொள்கை வகுத்தது. ஆராய்ந்து, மக்களைக் கேட்டு, மதிப்பிட்டு, பிறகு வேண்டுமானால் விற்கலாம். ஐம்பது ஆண்டுகளாக நின்ற இந்த அணையிலேதான் நள்ளிரவுத் திருத்தம் துளை போடப் பார்த்தது.

ஒற்றை வாக்கின் வலிமை

சிங்கி எழுந்தார். பொது நிலத்தைப் பரவலாக விற்பதற்கு நான் உடன்படேன் என்றார். விற்றால் திரும்ப வராது. கடவுள் புதிதாக நிலம் படைத்துக்கொண்டிருக்கவில்லை என்ற கருத்துப்பட அறிக்கை விட்டார். இதுவே என் சான் ஹுவான் குன்று என்று அறைகூவினார். 1898-இல் கியூபா மண்ணிலே தியோடர் ரூஸ்வெல்ட் படை நடத்திய குன்று அது; பின்னாளில் குடியரசுத் தலைவராகி ஏறத்தாழ 23 கோடி ஏக்கரைக் காப்புக்குள் கொண்டுவந்தவர் அவர். அந்தப் பெயரைச் சொன்னால், இதிலிருந்து பின்வாங்க மாட்டேன் என்று பொருள்.

வெறும் வாய்ச்சொல்லா? அல்ல! அவர் கையிலே ஒரு வாக்கு இருந்தது. அந்தத் திருத்தம் சேர்க்கப்பட்டிருந்த பெருமசோதா, குடியரசுத் தலைவர் டிரம்ப் தம் ஆட்சியின் அடிக்கல்லாகக் கருதிய வரவு செலவு மசோதா. சபையில் ஆளுங்கட்சிக்கு இருந்ததோ மயிரிழைப் பெரும்பான்மை. நிலவிற்பனை இருக்குமானால் என் வாக்கு இல்லை என்றார் சிங்கி. கட்சித் தலைமை கணக்குப் போட்டுப் பார்த்தது. மே 21 அன்று, நிலவிற்பனைப் பகுதி மசோதாவிலிருந்து நீக்கப்பட்டது. மே 22 அன்று மசோதா சபையில் நிறைவேறியபோது வாக்கு என்ன தெரியுமா? 215-க்கு 214! ஒரே ஒரு வாக்கு வேறுபாடு! ஒரு வாக்கால் என்ன ஆகும் என்று ஏளனம் பேசுவோர் இந்த எண்களை எழுதி வைத்துக்கொள்ளட்டும்.

நம் நாட்டு நிலைமையோடு ஒத்துப் பார்த்தால்தான் இதன் முழுப் பொருளும் விளங்கும். இங்கே 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி, கொறடாவின் கட்டளையை மீறி வாக்களிக்கும் உறுப்பினர் தம் இடத்தையே இழக்கக்கூடும். விலை போகும் உறுப்பினர்களைத் தடுக்க வந்த வேலி அது, தேவையான வேலிதான். அமெரிக்காவிலே அத்தகைய சட்டம் இல்லை. அங்கே கட்சியை மீறினால் பதவி உடனே போகாது. ஆனால் அடுத்த தேர்தலிலே உட்கட்சிப் போட்டியாளர் முளைப்பார், தலைவரின் சீற்றம் பாயும், நன்கொடை வற்றும். ஆகவே அங்கேயும் முதுகெலும்பு இலவசமாகக் கிடைப்பதில்லை.

இரண்டாம் படையெடுப்பு

வாசலிலே விரட்டினால் கொல்லைப்புறமாக வருவது கள்ளனின் இயல்பு. மக்கள் சபையில் தோற்றது, செனட் சபையிலே தலை தூக்கிற்று, அதுவும் பன்மடங்கு பருத்து! ஜூன் 11-ஆம் நாள், யூட்டாவைச் சேர்ந்த செனட்டர் மைக் லீ, எரிசக்தி இயற்கை வளக் குழுவின் தலைவர் என்ற முறையிலே ஒரு வரைவை வெளியிட்டார். மேற்கிலுள்ள 11 மாநிலங்களில், நில மேலாண்மைப் பணியகத்தின் நிலத்திலும் வனப் பணித்துறையின் நிலத்திலும் நூற்றுக்கு அரைப் பங்கு முதல் முக்கால் பங்கு வரை ஐந்தாண்டுகளுக்குள் விற்றே தீர வேண்டும் என்றது அது. 22 லட்சம் ஏக்கர் முதல் 33 லட்சம் ஏக்கர் வரை! தமிழ்நாட்டிலே பத்தில் ஒரு பங்கு அளவு!

விற்கலாம் என்பதல்ல, விற்றே தீர வேண்டும் என்பது! அந்த வேறுபாட்டைக் கவனியுங்கள். விற்கலாம் என்றால் அதிகாரி யோசிப்பார். விற்றே தீர வேண்டும் என்றால் ஏலக்காரன் மணியை எடுப்பான்.

இங்கேதான் ஒரு சூழ்ச்சி. அந்த 11 மாநிலங்களின் பட்டியலிலே மான்டானா இல்லை! அலாஸ்கா உண்டு, அரிசோனா உண்டு, கலிபோர்னியா உண்டு, கொலராடோ உண்டு, ஐடஹோ உண்டு, நெவாடா, நியூ மெக்சிகோ, ஆரிகன், யூட்டா, வாஷிங்டன், வயோமிங் அத்தனையும் உண்டு. மான்டானாவை மட்டும் நேர்த்தியாக விட்டுவிட்டார்கள். உன் வீட்டை நாங்கள் தொடவில்லையே, அடுத்த வீட்டுக் கதை உனக்கு எதற்கு என்பது அதன் பொருள்.

தன் தொகுதி பிழைத்தது என்று வாளாவிருந்தால் சிங்கியை யார் கேட்கப்போகிறார்கள்? மான்டானா மக்களே கூடக் கேட்டிருக்க மாட்டார்கள் என்று கணக்குப் போட்டார்கள். கணக்கு தவறிற்று! மான்டானா மக்கள் கேட்டார்கள். அடுத்த வீட்டுக் கூரை எரிந்தால், பொறி பறக்க எத்தனை நேரம்? அந்த மக்களுக்கு அது தெரிந்திருந்தது. மான்டானாவின் செனட்டர்களான ஸ்டீவ் டேயின்ஸ், டிம் ஷீஹி இருவரும் எதிர்ப்புக் காட்டினர். ஐடஹோவின் செனட்டர்கள் மைக் கிரேப்போ, ஜிம் ரிஷ் எதிர்ப்புக் காட்டினர். இவர்கள் அனைவரும் ஆளுங்கட்சியினரே!

மக்கள் சபையிலே சிங்கியோடு ஐடஹோவின் மைக் சிம்ப்சன், வாஷிங்டன் மாநிலத்தின் டான் நியூஹவுஸ், ஆரிகனின் கிளிப் பென்ட்ஸ், கலிபோர்னியாவின் டேவிட் வலடாவோ என நால்வர் சேர்ந்தனர். ஐவரும் சேர்ந்து, நிலவிற்பனை இருக்குமானால் மசோதாவுக்கு எங்கள் வாக்கு இல்லை என்று எழுத்திலே கொடுத்தனர். மயிரிழைப் பெரும்பான்மைக்கு முன்னால் ஐந்து வாக்கு என்பது ஐந்து மலை!

இதற்கிடையே, செனட் சபையின் விதிமுறை அலுவலர் எலிசபெத் மெக்டொனோ ஜூன் 23 அன்று தீர்ப்புச் சொன்னார். வரவு செலவு மசோதா சாதாரணப் பெரும்பான்மையில் நிறைவேறிடும் சலுகை பெற்றது. பிற மசோதாக்களுக்கு வேண்டியிருக்கும் 60 வாக்கு இதற்கு வேண்டாம். ஆகவே அந்தச் சலுகைக்குள் கண்டதையும் திணிக்கக் கூடாது என்று பேர்ட் விதி என ஒன்று உண்டு. அந்த விதிக்கு நிலவிற்பனை ஒத்துவராது என்றார் அவர். லீ விடவில்லை. வன நிலத்தை விட்டுவிடுகிறேன், பணியக நிலத்தில் மட்டும், அதுவும் ஊர்களை ஒட்டிய ஐந்து மைலுக்குள் என்று சுருக்கிக்கொண்டு வந்தார். அதுவும் எடுபடவில்லை. ஜூன் 28-ஆம் நாள் திட்டத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

மே 6-இல் நள்ளிரவிலே ஏறிய விலைச்சீட்டு, ஜூன் 28-இல் கிழிந்தது. ஐம்பத்து மூன்று நாள் போராட்டம்!

வீட்டின் பெயரால் ஒரு வாதம்

எதிர்த்தரப்பின் வாதத்தையும் எடுத்து வைத்துத்தான் நாம் விடை சொல்ல வேண்டும். மறைத்துப் பேசுவது நமது முறையல்ல. வீடில்லாத மக்களுக்கு வீடு கட்ட இந்த நிலம் வேண்டும் என்றார்கள். மேற்கு அமெரிக்காவில் வீட்டு நெருக்கடி உண்மை. லாஸ் வேகாஸ் போன்ற நகரங்களைச் சுற்றி மத்திய அரசு நிலமே வளைத்து நிற்பதும் உண்மை. ஆனால் அதற்கு வழி ஏற்கெனவே இல்லையா? 1998-ஆம் ஆண்டுத் தெற்கு நெவாடாப் பொது நில மேலாண்மைச் சட்டம் இருக்கிறதே! லாஸ் வேகாஸைச் சுற்றி வரையறுத்த எல்லைக்குள் நிலம் விற்கலாம். விற்ற பணத்தில் பெரும்பகுதி அந்த மாநிலத்திலேயே பூங்காவுக்கும், இயற்கைக் காப்புக்கும், நீருக்கும், கல்விக்கும் போய்ச் சேரும் என்று அது சொல்லுகிறது. அளந்து, அறிந்து, ஊரார் அறிய விற்பது ஒன்று. லட்சக்கணக்கில் ஏலம் போட்டு, பணத்தின் பெரும்பகுதியை வரிச்சலுகையால் ஓட்டை விழுந்த கருவூலத்திலே கொட்டுவது வேறொன்று.

மலையுச்சியிலே, சாலையில்லா இடத்திலே, தண்ணீர்க் குழாய் எட்டாத காட்டிலே ஏழைத் தொழிலாளி வீடு கட்டுவானா, கோடீசுவரன் கோடை மாளிகை கட்டுவானா? விடை சொல்ல மேதாவி வேண்டாம். ஏலத்திலே ஒரு நாள் நின்று பார்த்தவன் போதும். ஏலம் ஏழையின் பெயரால் அறிவிக்கப்படும். சுத்தியல் சீமானின் பக்கம் தட்டப்படும்!

இரண்டாவது வாதம் நம்மைப் போன்றோரைக் கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வைப்பது. தொலைவிலே இருக்கும் வாஷிங்டன், எங்கள் மாநிலத்து மண்ணை ஆள்வதா என்று யூட்டாவினர் கேட்கிறார்கள். 1 கோடியே 85 லட்சம் ஏக்கருக்கு உரிமை கோரி 2024-இல் உச்ச நீதிமன்றத்துக்கே போனார்கள். 2025 ஜனவரி 13 அன்று நீதிமன்றம் அந்த வழக்கை ஏற்க மறுத்துவிட்டது. மாநில உரிமை என்ற சொல் காதில் விழுந்தால் நமக்கு மெய் சிலிர்க்கும். டில்லியின் பிடியைப் பற்றிப் பேசிப் பேசித் தழும்பேறிய நா நமது நா. ஆகவே கேட்கிறோம்: இது மாநிலத்துக்கு ஆளும் உரிமை கேட்கும் முழக்கமா, விற்கும் உரிமை கேட்கும் முழக்கமா?

நெவாடாவின் கணக்கைப் பாருங்கள். மாநிலமாகச் சேர்ந்த காலத்திலிருந்து பள்ளிகளுக்காகவும் பிற பொதுப்பணிகளுக்காகவும் அதற்கு வழங்கப்பட்ட நிலம் ஏறத்தாழ 27 லட்சம் ஏக்கர். இன்று எஞ்சியிருப்பது ஏறத்தாழ 3,000 ஏக்கர்! மற்றதெல்லாம் எங்கே? விற்றாயிற்று! மாநிலத்தின் கையில் போனது மாநிலத்தின் கையில் தங்கவில்லை. மேலும், அமோடி - மலோய் திருத்தமோ, லீயின் வரைவோ, நிலத்தை மாநில மன்றத்திடம் ஒப்படைக்கப் பிறந்தவை அல்ல. விற்பனைக்கு வைக்கப் பிறந்தவை. ஆளும் உரிமையைப் பரவலாக்குவது சுயாட்சி. மக்கள் சொத்தைச் சந்தைக்கு அனுப்புவது சுயாட்சி அல்ல, சூறையாட்டம்! முன்னதற்கு நாம் தோள் கொடுப்போம். பின்னதற்கு முகமூடியாகச் சுயாட்சி என்ற தூய சொல்லை இரவல் தர மாட்டோம்.

ஆரத்தி எடுக்க அல்ல

சிங்கிக்கு ஆரத்தி எடுத்து அரியணை ஏற்றிட நாம் இதை எழுதவில்லை. அவர் ஏட்டிலே கறுப்புப் பக்கங்களும் உண்டு. 2017 மார்ச் முதல் 2019 ஜனவரித் தொடக்கம் வரை டிரம்பின் உள்துறைச் செயலாளராக, அதாவது இந்த நிலங்களுக்கெல்லாம் பொறுப்பாளராக இருந்தவர் அவர். யூட்டாவிலே பழங்குடி மக்கள் போற்றும் பேர்ஸ் இயர்ஸ் நினைவுப் பகுதி 13½ லட்சம் ஏக்கர். அதன் எல்லையைச் சுருக்கப் பரிந்துரைத்தவர் அவரே. 2017 டிசம்பரில் டிரம்ப் அதை நூற்றுக்கு ஏறத்தாழ 85 பங்கு குறைத்தார். பின்னர் 2021 அக்டோபரில் குடியரசுத் தலைவர் பைடன்தான் அதை மீட்டுத் தந்தார். நடத்தை பற்றிய விசாரணைகள் சூழ்ந்திருந்த நிலையிலே சிங்கி அந்தப் பதவியை விட்டு விலகினார் என்பதும் பதிவில் உள்ள செய்தி.

2025-இலும், நிலவிற்பனை நீங்கியபின், அந்தப் பெருமசோதாவுக்கு அவர் ஆதரவாகவே வாக்களித்தார். ஜூலை 3 அன்று 218-க்கு 214 என்று நிறைவேறி, ஜூலை 4 அன்று சட்டமாயிற்று. ஏழைகளின் மருத்துவ உதவித் திட்டத்தைக் குறுக்கிய சட்டம். பொது நிலத்திலே எண்ணெய்க் குத்தகையையும் மர வெட்டையும் பெருக்கச் சொல்லும் சட்டம். நிலத்தை விற்கவில்லை, சரி. நிலத்தின் மடியிலே உள்ளதை அள்ளிட வழி விட்டார்களே, அது சரியா? கேட்க வேண்டிய கேள்விதான். அவர் தொகுதி மக்கள் கேட்கத்தான் வேண்டும்.

பிறகு ஏன் பாராட்டு? ஆளை அல்ல, செயலைப் பாராட்டுகிறோம். பதவியிலே இருந்தபோது தலைவரின் நிழல். தொகுதியிலே நின்றபோது மக்களின் நிழல். ஒரே மனிதர்தான்! மாறியது எது? அவர் எதிரே நின்று கேள்வி கேட்டவர் யார் என்பதுதான் மாறியது! பொயின் போனாலும் பழைய ஏட்டிலே ஒரு வெளிச்சமும் உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும்: 2016 ஜூலையில், மத்திய அரசின் நிலங்களை மாநிலங்களுக்கு மாற்றித்தர வேண்டும் என்று குடியரசுக் கட்சியின் கொள்கை அறிக்கை எழுதப்பட்டபோது, கட்சி மாநாட்டுப் பேராளர் பொறுப்பையே துறந்தவர் சிங்கி.

இன்னொரு செய்தியும் குறிக்கத்தக்கது. 2025 ஜனவரியில், நியூ மெக்சிகோவைச் சேர்ந்த ஜனநாயகக் கட்சி உறுப்பினர் கேப் வாஸ்கஸோடு கைகோத்து, பொது நிலம் பொதுமக்கள் கையிலேயே இருக்க வேண்டும் என்னும் மசோதாவை அவர் கொண்டுவந்தார். பொதுமக்கள் சென்றடையக்கூடிய நிலத்தில் 300 ஏக்கருக்கு மேற்பட்ட துண்டை, நாடாளுமன்றத்தின் ஒப்புதலின்றி விற்கவோ மாற்றவோ கூடாது. நீர்வழியே சென்றடையக்கூடியதாயின் 5 ஏக்கருக்கு மேற்பட்டாலே கூடாது என்பது அதன் சாரம். மே மாதத்தில் அவ்விருவரும், மைக் சிம்ப்சனும், மிச்சிகனின் டெபி டிங்கலும் சேர்ந்து, இரு கட்சியினரும் கொண்ட பொது நிலக் குழு ஒன்றையும் அமைத்தனர். இருட்டிலே விற்காதே, வெளிச்சத்துக்கு வா என்பதைச் சட்டமாக்கப் பார்த்த முயற்சி அது. நள்ளிரவுத் திருத்தத்துக்கு அதைவிட நல்ல மறுப்பு ஏது?

மக்கள் தந்த முதுகெலும்பு

2017-இல் நடந்ததையும் நினைவூட்டுவோம். யூட்டாவின் ஜேசன் சாபெட்ஸ் என்ற உறுப்பினர் 33 லட்சம் ஏக்கரை விற்க மசோதா கொண்டுவந்தார். வேட்டைக்காரரும் மீன்பிடிப்போரும் கொதித்தெழுந்தனர். சில நாட்களுக்குள்ளேயே, அதே ஆண்டு பிப்ரவரியில், மசோதாவைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். எட்டாண்டு கழித்து அதே எண், அதே ஆசை, வேறு கை! ஆசை சாகவில்லை, காத்திருந்தது. ஆகவே காவலும் சாகக் கூடாது.

அந்தக் காவலர் யார்? கட்சி பார்த்து வாக்களிக்கும் சாதாரண மக்களேதான். ஆனால் மலையைத் தொட்டால் கட்சியை ஓரமாக வைத்துவிட்டுத் தொலைபேசியை எடுக்கிறார்கள், கடிதம் எழுதுகிறார்கள், கூட்டத்திலே எழுந்து நின்று, ஐயா, எங்கள் நிலத்தை என்ன செய்யப் போகிறீர் என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விதான் சிங்கிக்கு முதுகெலும்பு ஆயிற்று. அந்தக் கேள்விதான் நான்கு செனட்டர்களுக்கு நாவாயிற்று. மக்கள் கேட்டால் உறுப்பினர் நிமிர்வார். மக்கள் உறங்கினால் உறுப்பினர் வளைவார். எந்த நாட்டுக்கும் இதுதான் இலக்கணம்.

உறுப்பினர் என்பவர் யார்? தலைமையின் கட்டளையைத் தொகுதிக்குச் சொல்லும் தபால்காரர் மட்டுந்தானா? தொகுதியின் வேதனையைத் தலைமைக்குச் சொல்லும் தூதரும் அவரே அல்லவா? கட்டுப்பாடு வேண்டும், கட்டுப்பாடின்றிக் கட்சி இல்லை, கட்சியின்றிக் கொள்கை இல்லை. ஆனால் கட்டுப்பாடு என்பது கண்ணைக் கட்டிக்கொள்வதல்ல. தலைமை தவறான பாதையிலே கால் வைக்கும்போது, உள்ளே இருந்தே கையைப் பிடித்து நிறுத்துகிறவன் கட்சிக்குப் பகைவன் அல்லன், கட்சியைக் காப்பவன். 2025-இல் அந்த ஐவர் தங்கள் கட்சிக்குச் செய்ததும் அதுதான்.

பணம் போனால் சம்பாதிக்கலாம். பதவி போனால் அடுத்த தேர்தலிலே பெறலாம். சட்டம் தவறினால் திருத்தலாம். விற்ற மண்? வேலி போட்டாயிற்று, பெயர்ப்பலகை மாட்டியாயிற்று, நாயைக் கட்டியாயிற்று, நேற்றுவரை பங்காளியாக நடந்த பாதையிலே இன்று அத்துமீறி நுழைந்த குற்றவாளி! அந்தப் பாதையிலே தன் பேரன் நடக்க வேண்டும் என்று விரும்புகிறவன், தன் உறுப்பினரை இன்றே கேட்க வேண்டும். நாளைக்குக் கேட்கலாம் என்று படுத்தால், நள்ளிரவிலே திருத்தம் வரும்!